ஷே ஸ்டேடியத்தில் கேட்காத தாளம்

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க் நகரின் ஷே ஸ்டேடியம். பேஸ்பால் ஆட்டத்துக்காகக் கட்டிய அந்த மைதானத்தில், இரண்டாம் பேஸ் இருக்கும் இடத்தில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஏறத்தாழ 55,600 பேர். மேடையில் பீட்டில்ஸ் குழுவின் நான்கு இளைஞர்கள். அந்தப் பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. இன்று ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கே அந்தச் சக்தி போதாது. பாடுகிறவரின் குரலை அவருக்கே திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேடையில் கிடையாது. எழுந்த கூச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் அந்தக் காலக் கச்சேரிகளைப் பற்றிப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மற்ற மூவர் வாசிப்பது காதில் விழாது. அவர்களுடைய தலையசைப்பையும் பின்புறத்து ஆட்டத்தையும் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வாராம். காது கைவிட்ட இடத்தில் கண் தாளம் பிடித்தது. பாட்டு சிதறாமல் முடிந்தது.

அதே மேடை 2009 செப்டம்பர் 9 அன்று வீட்டுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்தது. ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'தி பீட்டில்ஸ்: ராக் பேண்ட்' என்ற வீடியோ கேமில் லிவர்பூலின் கேவர்ன் கிளப், ஷே ஸ்டேடியம், டோக்கியோவின் புடோக்கான், லண்டனில் ஆப்பிள் நிறுவனக் கட்டடத்தின் மொட்டைமாடி என்று மேடைகள் வரிசையாக வரும். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் கிட்டாரைப் போலவே செய்த ஒரு பிளாஸ்டிக் கிட்டார், லட்விக் டிரம்ஸின் தோற்றத்தில் நான்கு தட்டுகளும் ஒரு பெடலும், மூன்று பேர் சேர்ந்து பாட மூன்று மைக் வரை பொருத்தும் வசதி, மொத்தம் 45 பாடல்கள்.

நண்பர் ஒருவரின் வீட்டில் அதை முதன்முறை ஆடிய இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டை முடித்ததும் குழந்தைகளைப் போலக் கத்தினோம். ஆனால் ஷே ஸ்டேடியம் வந்தபோது ஏதோ உறுத்தியது. திரையில் கூட்டம் கதறுகிறது. எங்களுக்கோ ஒவ்வொரு வாத்தியமும் பளிச்சென்று தனித்தனியாகக் கேட்கிறது. ரிங்கோவுக்கு அன்று இருந்த சிக்கல் எங்களுக்கு இல்லை. பாட்டு முடியும்வரை நாங்கள் ஒருவரையொருவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டுக் கண்களும் திரையில்தான் இருந்தன.

அந்த கேமுக்கு இரண்டாம் பாகம் வரவே இல்லை. இந்த அத்தியாயத்தில் அதை நாமே கற்பனையில் கட்டிப் பார்ப்போம். ஒரே ஒரு நிபந்தனை: அறிவியல் இதுவரை கண்டறிந்தவற்றை வைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டக் கட்ட, நான்கு பேர் சேர்ந்து ஒரு தாளத்தைப் பிடிப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது புரியும்.

பாட்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை

முதலில் பழைய கேம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த வகை விளையாட்டுக்கு ஜப்பான்தான் தாய்வீடு. 1996-இல் 'பாராப்பா தி ராப்பர்', 1997-இல் கொனாமி நிறுவனத்தின் 'பீட்மேனியா', அதைத் தொடர்ந்து 'கிட்டார்ஃப்ரீக்ஸ்' ஆகியவை அங்கே வந்தன. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோஸி இருவரும் 1995-இல் ஹார்மோனிக்ஸைத் தொடங்கினார்கள். பத்தாண்டு தட்டுத்தடுமாறி 2005-இல் 'கிட்டார் ஹீரோ'வில் வெற்றி கண்டார்கள். 2007-இல் டிரம்ஸையும் பாட்டையும் சேர்த்து 'ராக் பேண்ட்' வந்தது.

ஆடும் முறை எளிது. திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி ஓடிவருகிறது. அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு நிறங்களில் மணிகள். ஒரு மணி கீழே இருக்கும் கோட்டைத் தொடும் நேரத்தில், அதே நிறப் பொத்தானை அழுத்தியபடி கிட்டாரின் நடுவில் இருக்கும் பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் கிட்டார் ஒலி வரும். தவறினால் ஒலி அறுந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

நாம் தட்டியதால் ஒலி பிறந்தது என்றுதான் ஆடுகிற எல்லோருக்கும் தோன்றும். உண்மையில் கிட்டார் ஒலி முன்பே பதிவான ஒரு தனித் தடத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் தவறும்போது கேம் அந்தத் தடத்தின் வாயை மூடுகிறது; சரியாகத் தட்டும்போது திறந்துவிடுகிறது. நம் விரல் செய்வது குழாயைத் திறந்து மூடும் வேலை. தண்ணீர் ஏற்கெனவே குழாய்க்குள் வந்து நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் இருக்கும் புத்திசாலித்தனம், ஆடும் அறையில் தொலைக்காட்சியை மாற்றும்போதுதான் விளங்கும். பழைய குண்டுப் படக்குழாய் டிவி, சிக்னல் வரவர அதைத் திரையில் கோடு கோடாக எழுதிவிடும். தட்டையான எல்.சி.டி. திரை அப்படியல்ல. ஒரு முழுப் படத்தை வாங்கிச் சேமித்து, பெரிதாக்கி, கூர்மையாக்கி, அதன் பிறகுதான் காட்டும். விநாடிக்கு 60 படம் ஓடுகிறது என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. டிவி மூன்று படங்களைக் கையில் வைத்துக்கொண்டால் 50 மில்லிவிநாடி போயிற்று. ஒரு தட்டு சரியா தவறா என்று முடிவு செய்ய கேம் தரும் இடைவெளியே மொத்தத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

நண்பர் புது டிவி வாங்கிய வாரத்தில் நாங்கள் எல்லோரும் திடீரென்று மோசமான ஆட்டக்காரர்கள் ஆனோம். வயதாகிவிட்டது, விரல் கேட்கவில்லை என்று ஒரு மாலை முழுவதும் வருத்தப்பட்டோம். பிறகுதான் அமைப்புப் பகுதியில் இருந்த ஓர் அளவீட்டுச் சோதனை கண்ணில் பட்டது. ஒலி எத்தனை மில்லிவிநாடி தாமதமாக வருகிறது, படம் எத்தனை மில்லிவிநாடி தாமதமாக வருகிறது என்ற இரண்டே எண்களை அது கேட்டது. கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. 'ராக் பேண்ட் 2' கேமோடு வந்த கிட்டாரில் இதற்கென்றே ஓர் ஒளி உணரியும் ஒரு சிறு மைக்கும் வைத்திருந்தார்கள். கிட்டாரைத் திரைக்கு நேராகப் பிடித்தால் அதுவே பார்த்து, அதுவே கேட்டு, அளந்துவிடும்.

இரண்டு எண்களால் ஒரு சிக்கல் தீர்ந்தது எப்படி? பாட்டு முன்கூட்டியே பதிவானது என்பதால்தான். அடுத்த மணி எப்போது வரும் என்று இயந்திரத்துக்குத் தெரியும். படம் தாமதமாகும் என்றால் அதைச் சற்று முன்னதாகவே அனுப்பிவிடலாம். நம் தட்டு வந்து சேர்ந்த பிறகு, அது எப்போது விழுந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். எதிர்காலம் தெரிந்தவனுக்குத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

மூளையும் எதிர்காலத்தில்தான் வாழ்கிறது

கண்ணால் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து விரலை அழுத்த நமக்கு ஏறத்தாழ 200 மில்லிவிநாடி அல்லது அதற்கும் மேல் ஆகும். காதால் கேட்டு அழுத்துவது கொஞ்சம் வேகம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 500 மில்லிவிநாடி. ஒவ்வொரு தட்டையும் கேட்ட பிறகு கையை அசைத்தால் பாட்டு முழுவதும் நாம் பின்தங்கியே இருப்போம். அப்படி நடப்பதில்லை. தாளத்தோடு விரலைத் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஒலிக்குச் சில பத்து மில்லிவிநாடிகள் முன்னதாகவே தட்டுகிறார்கள். இசை பயின்றவர்களிடம் இந்த முந்தல் குறைவு. முந்துகிறோம் என்பது தட்டுகிறவருக்குத் தெரியாது. ஒலியோடு சரியாகச் சேர்ந்துதான் தட்டினேன் என்று சத்தியம் செய்வார்.

ஆக, மூளை தாளத்தைக் கேட்டுவிட்டுப் பின்தொடர்வதில்லை. அடுத்த தட்டு எங்கே விழும் என்று முன்னமே குறித்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறது. அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தை வெறுமனே கேட்பவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, உடலசைவைத் திட்டமிடும் பகுதிகளும் அடிமூளை முடிச்சுகளும் வேலை செய்வதை ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் இருவரும் 2007-இல் காட்டினார்கள். கேட்பதே பாதி ஆடுவதுதான். இப்படித் தாளத்தோடு சேர்ந்துகொள்வது மனிதனுக்கு மட்டும் உரிய வரம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2009-இல் ஸ்னோபால் என்ற காக்கட்டூ கிளி அந்த நம்பிக்கையைக் கலைத்தது. பாட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டபோது, அந்தக் கிளி அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்வதை அனிருத் பட்டேலின் குழு அளந்து காட்டியது.

கண் இதில் காதுக்கு இளைத்தது. மினுக்கி மினுக்கி எரியும் விளக்கோடு சேர்ந்து தட்டச் சொன்னால் நாம் தடுமாறுவோம். அதே வேகத்தில் ஒரு பந்து துள்ளிக் குதிக்கும் படத்தைக் காட்டினால் தட்டுகள் நன்றாகவே சேர்ந்துகொள்கின்றன. தொடர்ந்து நகரும் பொருள் அடுத்து எங்கே இருக்கும் என்று கண்ணால் கணிக்க முடியும். திடீரென்று தோன்றி மறைவதை அப்படிக் கணிக்க முடியாது. ஹார்மோனிக்ஸ் மணிகளை மினுக்காமல் சாலையில் ஓடவிட்டது இதனால்தான் பலித்தது. ரிங்கோ தன் நண்பர்களின் உடலைப் பார்த்து வாசித்ததும் இதே கணக்கில் சேரும். ஆடும் இடுப்பும் ஒரு துள்ளும் பந்துதான்.

அந்த ஓடும் சாலை கண்ணைப் படுத்தும் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். நான்கைந்து பாட்டு ஆடிவிட்டுச் சுவரைப் பாருங்கள்; சுவர் மெல்ல மேல்நோக்கி நகர்வதைப் போலத் தெரியும். 1834-இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அருகிலிருந்த பாறையைப் பார்த்த ராபர்ட் ஆடம்ஸ், பாறை மேலே ஏறுவதாகத் தோன்றியதை எழுதிவைத்தார். கீழ்நோக்கிய அசைவுக்கென்று இருக்கும் நரம்பணுக்கள் தொடர்ந்து உழைத்துச் சோர்ந்துவிடுகின்றன. எதிர்த்திசைக்கான அணுக்களின் குரல் ஓங்குகிறது. நாங்கள் அன்றிரவு பாட்டு முழுவதும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதற்கு அந்த நகரும் சுவரே சாட்சி.

ஒரு நாளில் பதிவான பத்துப் பாடல்கள்

இனி நம் கற்பனைப் பாகத்துக்கு வருவோம். அதற்கு முதலில் பாட்டு தனித்தனித் தடங்களாக வேண்டும். கிட்டார்க்காரர் தவறினால் கிட்டார் மட்டும் நிற்க வேண்டும், டிரம்ஸ் நிற்கக் கூடாது.

பீட்டில்ஸ் விஷயத்தில் இது எளிதான வேலை இல்லை. 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் அவர்கள் தங்கள் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். அன்று லண்டன் ஸ்டூடியோவில் இருந்த டேப்பில் இரண்டே தடங்கள். ஒன்றில் குரல்கள், மற்றொன்றில் கிட்டார்கள், பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து. பால் கலந்த காப்பியிலிருந்து பாலைப் பிரித்தெடுப்பதைப் போன்றது இது. 2009-இல் அந்த வேலைக்குப் பொறுப்பேற்றவர் கைல்ஸ் மார்ட்டின். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். மென்பொருளைக் கொண்டு அலைவரிசை அலைவரிசையாகச் செதுக்கி, விளையாட்டுக்குப் போதுமான அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு இந்தத் துறை தலைகீழாக மாறிவிட்டது. பீட்டர் ஜாக்சன் 2021-இல் வெளியிட்ட 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக அவருடைய குழு, ஒற்றைத் தடத்தில் குழம்பிக் கிடந்த பேச்சையும் இசையையும் இயந்திரக் கற்றல் மூலம் பிரித்தெடுத்தது. டிரம்ஸ் எப்படி ஒலிக்கும், கிட்டார் எப்படி ஒலிக்கும் என்று ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கேட்டுப் பழகிய மென்பொருள், கலவையில் எது யாருடையது என்று தானே பிரித்துக் காட்டுகிறது. 2022-இல் 'ரிவால்வர்' ஆல்பத்தின் புதிய கலவை இந்த முறையில் வந்தது. ஜான் லெனான் 1970-களின் பிற்பகுதியில் வீட்டில் ஒரு கேசட்டில் பியானோ வாசித்தபடி பாடிவைத்திருந்த குரலைத் தனியே எடுத்து, 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்ற பாட்டு வெளியானது. அதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1980-இல் கொல்லப்பட்ட ஒருவரின் குரல் பியானோவின் பிடியிலிருந்து விடுபட்டு அறைக்குள் வந்து நின்றது. நம் இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய தடங்கள் இனி ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்தது காலப்பிரமாணம். இன்றைய சினிமாப் பாட்டுகள் பலவும் காதில் ஒரு கிளிக் ஒலியைக் கேட்டபடி வாசித்துப் பதிவானவை. தொடக்கம் முதல் முடிவுவரை வேகம் மாறாது. பீட்டில்ஸ் அப்படி வாசிக்கவில்லை. அவர்களுடைய பாட்டு மூச்சு விடும். பல்லவியில் ஓர் இம்மி வேகம் கூடும், பிறகு தணியும். ஆகவே கேமுக்குப் பாட்டைத் தயார் செய்கிறவர், ஒலியலையைத் திரையில் விரித்து, ஒவ்வொரு தட்டும் விழுந்த இடத்தைத் தேடிக் குறிக்க வேண்டும். ரிங்கோவின் பெடல் விழும்போது அலையில் ஒரு செங்குத்தான மேடு தெரியும். அதன் அடிவாரத்தில் ஒரு கோடு, அடுத்த மேட்டில் அடுத்த கோடு. இரண்டு கோடுகளுக்கு நடுவிலான தூரம் எந்த இரண்டு இடத்திலும் அச்சாக ஒன்றுபோல் இராது. இந்த வரைபடத்தின் மீதுதான் வண்ண மணிகளைத் தூவுகிறார்கள்.

அந்த வரைபடத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அன்றைய உறுத்தலின் காரணம் புரிந்தது. நான்கு இளைஞர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தும் இழுத்தும் உண்டாக்கிய மேடு பள்ளங்கள் அவை. கேமில் அவை கல்வெட்டாகிவிடுகின்றன. நாம் அந்தக் கல்வெட்டின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டுகிறோம். 'ராக் பேண்ட்'டின் முந்தைய பாகங்களில் டிரம்ஸ்காரர் தன் இஷ்டத்துக்குச் சில நொடிகள் வாசிக்க இடம் உண்டு. பீட்டில்ஸ் கேமில் அதையும் எடுத்துவிட்டார்கள், மூலத்தின் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்று. அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த நால்வரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயமே அதனால் கைநழுவிப் போயிற்று என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள்.

பாதிப் பாதியாகத் திருத்திக்கொள்வது

இருவர் சேர்ந்து கைதட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மற்றவரைவிட 40 மில்லிவிநாடி முந்திவிட்டார். அடுத்த தட்டில் என்ன நடக்கும்? இருவருமே கண்டுகொள்ளாவிட்டால் இடைவெளி 40 ஆகவே நீடிக்கும். இருவருமே மற்றவருக்காக முழுதாக விட்டுக்கொடுத்தால்? முந்தியவர் 40 பின்வாங்குவார், பிந்தியவர் 40 முன்னேறுவார். இடம் மாறிக்கொண்டு மறுபடி 40 இடைவெளி. குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வதைப் போல இது முடிவில்லாமல் தொடரும். ஆளுக்குப் பாதி, அதாவது 20 மில்லிவிநாடி திருத்திக்கொண்டால் அடுத்த தட்டிலேயே இருவரும் சேர்ந்துவிடுவார்கள். நான்கு பேர் என்றால், ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் உள்ள இடைவெளியில் கால் பங்கைத் திருத்திக்கொண்டால் போதும்.

ஆலன் விங்கும் அவருடைய சகாக்களும் 2014-இல் இரண்டு தந்திவாத்திய நால்வர் குழுக்களை வாசிக்கச் சொல்லி, யார் யாருக்காக எவ்வளவு திருத்திக்கொள்கிறார்கள் என்று இப்படித்தான் அளந்தார்கள். ஒரு குழுவில் நால்வரும் ஏறத்தாழச் சமமாக விட்டுக்கொடுத்தார்கள். மற்றொன்றில் மற்றவர்கள் முதல் வயலின்காரரை அனுசரித்துப் போனார்கள். அவர் மற்றவர்களுக்காக அவ்வளவாக வளையவில்லை. இரண்டு குழுவும் தேர்ந்த குழுக்கள்தான். இரண்டு பேரைத் தட்டவைத்து இவானா கொன்வலிங்கா 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தலைவர் என்று ஒருவர் உருவாகவே இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் முந்தைய தட்டைக் கேட்டுத் தன் அடுத்த தட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். இருவருமே பின்தொடர்கிறவர்கள், முன்னே போகிறவர் யாருமில்லை. ஆனாலும் தாளம் நடந்தது.

நம் இரண்டாம் பாகம் மதிப்பெண் போட வேண்டியது இதற்குத்தான். கோட்டுக்கு எவ்வளவு அருகே தட்டினாய் என்பதற்குப் பதில், பக்கத்தில் இருப்பவர் பிசகியபோது நீ எவ்வளவு கை கொடுத்தாய் என்று பார்க்கும். டிரம்ஸ்காரர் வேகத்தைக் கூட்டினால் பாட்டு வேகம் கூடும். பேஸ்காரர் தயங்கினால் மற்ற மூவரும் அதை உணர வேண்டும். ஷே ஸ்டேடிய மேடையில் கூட்டத்தின் கூச்சல் உண்மையிலேயே எல்லா ஒலியையும் மூடிவிடும், சாலையும் திரையிலிருந்து மறைந்துவிடும். அங்கிருந்து கடைசிவரை நண்பர்களின் தோளையும் தலையையும் பார்த்துத்தான் கரையேற வேண்டும்.

இப்போது குழாய்த் தந்திரம் பலிக்காது. பாட்டு நமக்காகக் காத்திருக்க வேண்டும். இயந்திரத்துக்கு எதிர்காலம் தெரியாது. பதிவான குரலை நம் வேகத்துக்கு ஏற்ப, சுருதி மாறாமல் நீட்டவும் குறுக்கவும் வேண்டும். அதற்கான ஒரு வழியை பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் 1966-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒலியைச் சிறு சிறு துண்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தெந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து, துண்டங்களை வேறு இடைவெளியில் மறுபடி அடுக்குகிறார்கள். நீண்ட குரலுக்கு அது அழகாக வரும். டிரம்ஸின் கூர்மையான அடியை அப்படி நீட்டினால் மை ஊறிய காகிதத்தைப் போல ஒலி பரவிவிடும். ஆகவே நம் கேம் அடிகளை அப்படியே விட்டுவிட்டு அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் நீட்ட வேண்டும்.

தட்டு வந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் காலம் கடந்துவிடும். இயந்திரமும் மூளையைப் போல அடுத்த தட்டை முன்கூட்டியே கணித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கும் வழி பிறந்து வெகுகாலம் ஆகிறது. மனிதர் வாசிப்பதைக் கேட்டு, ஸ்வரக் குறிப்பில் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து உடன் வாசிக்கும் கணினியை ரோஜர் டேனன்பெர்க், பேரி வெர்க்கோ இருவரும் 1984-இல் தனித்தனியே செய்து காட்டினார்கள். வெர்க்கோ எம்.ஐ.டி. மீடியா லேபின் ஆரம்பகாலப் பேராசிரியர்களில் ஒருவர். ரிகோபுலோஸும் எகோஸியும் புறப்பட்டு வந்த அதே கட்டடம். இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய விதை முதல் பாகம் பிறக்கும் முன்பே அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

நான்கு மீட்டர்

இணையம் வழியாக ஊருக்கு ஒருவராக இருந்துகொண்டு இதை ஆடலாமா என்று கேட்பீர்கள். பழைய கேமில் ஆடலாம். ஒவ்வொருவர் வீட்டிலும் பாட்டு தனித்தனியே ஓடுகிறது; மற்றவரின் தட்டு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நம் பாகத்தில் அது முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேர்தூரம் சுமார் 5,570 கிலோமீட்டர். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் ஒரு தட்டு போய்ச்சேர 28 மில்லிவிநாடி ஆகும். நடைமுறையில் இன்னும் அதிகம்.

அது பெரிய விஷயமா என்பதற்கு ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ் சேஃப் விடை வைத்திருக்கிறார். இருவரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டலை மற்றவர் காதுக்கு அளந்த தாமதத்தோடு அனுப்பினார். தாமதம் 20 மில்லிவிநாடியைத் தாண்டியதும் தாளம் தளர ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் மற்றவர் பிந்துகிறார் என்று எண்ணி அவருக்காகக் கொஞ்சம் தாமதிக்க, வண்டி நின்றுவிடும்போல் ஆகிவிடுகிறது. தாமதமே இல்லாமல் ஆக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அங்கேதான் ஆச்சரியம். தாமதம் மிகக் குறைந்தபோது தாளம் மெல்ல மெல்ல வேகமெடுத்து ஓடியது. நாம் இயல்பாகவே கொஞ்சம் முந்தித் தட்டுகிறவர்கள் என்று மேலே பார்த்தோம் அல்லவா? வேகம் கூடாமலும் குறையாமலும் நின்றது 11 மில்லிவிநாடியை ஒட்டிய தாமதத்தில்.

காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. 11 மில்லிவிநாடியில் அது கடக்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மீட்டர். ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தின் நீளம். சிறிய மேடையில் டிரம்ஸுக்கும் முன்வரிசை மைக்குக்கும் நடுவிலான தூரமும் அதற்குள் அடங்கிவிடும். எனவே நம் இரண்டாம் பாகத்தின் உறையில் ஒரே ஓர் எச்சரிக்கை இருக்கும்: ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

கேம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு திறந்த மைதானத்துக்குப் போங்கள். நான்கு மீட்டர் இடைவெளியில் நின்று, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சேர்ந்து கைதட்டுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு என்று மூன்றாமவர் எண்ணட்டும். பிறகு நாற்பது மீட்டர் விலகி நின்று, கண்ணை மூடியபடியே, அதே வேகத்தில் தொடங்குங்கள். இப்போது ஒவ்வொரு தட்டும் 117 மில்லிவிநாடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்தின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்; காதில் விழுவதைப் பொருட்படுத்தாமல், எதிரில் நிற்பவரின் கை ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துத் தட்டுங்கள். ஷே ஸ்டேடியத்தில் ரிங்கோ செய்தது அதைத்தான்.